மூடிய அறையின் கணக்கு: வீட்டுக் காற்றிலுள்ள வேதிமாசுகளை அளப்பதும் கணிப்பதும்

சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டு, மேசைமேல் இருக்கும் சின்னக் காற்றுத்தர மீட்டரின் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள். பச்சையாக இருந்த விளக்கு சிவப்பாகிவிடும். ஆரஞ்சுப் பழம் உரித்தாலும் அதே கதைதான். சானிடைசரிலிருந்து வருவது எத்தனால், பழத்தோலிலிருந்து வருவது லிமோனீன். அந்த அளவில் இரண்டும் யாரையும் நோயில் தள்ளுவதில்லை. ஆனால் அதே மீட்டர், புதிதாகச் செய்த அலமாரியிலிருந்து இரவும் பகலும் கசியும் ஃபார்மால்டிஹைடைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கவும் கூடும். பயப்பட வேண்டாத இடத்தில் கூச்சல் போட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் தூங்கும் காவல்காரனைப் போன்றது அது.

வீட்டுக்குள் இருக்கும் காற்றில் என்னென்ன வேதிப்பொருள்கள், எவ்வளவு இருக்கின்றன? ஜன்னலைச் சாத்திய பிறகு, கோடை வந்த பிறகு, அடுத்த ஆண்டு எவ்வளவு இருக்கும்? முதல் கேள்வி அளவீட்டுக்கு உரியது, இரண்டாவது கணிப்புக்கு உரியது. கடந்த அரை நூற்றாண்டில் இவ்விரண்டிலும் விஞ்ஞானம் எங்கே வந்து நிற்கிறது, அது நம் வீடுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அறைக் காற்றைப் பற்றிய எந்த எண்ணும் தனியாக நின்று பொருள் தராது. அது எடுக்கப்பட்டபோது இருந்த வெப்பம், கதவு ஜன்னல்களின் நிலை, கருவியின் குணம் ஆகிய மூன்றும் கூடவே வர வேண்டும்.

கேள்வி பிறந்த கதை

1858ஆம் ஆண்டு. ஆட்கள் நிறைந்த அறையின் காற்று ஏன் கெட்டுப்போகிறது என்று மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மனித உடலிலிருந்து வெளிவரும் ஆவிகளை ஒவ்வொன்றாக அளக்க அந்தக் காலத்தில் வழியில்லை. கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளக்க முடிந்தது. அது பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று எல்லை வகுத்தார். அந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. கெட்ட காற்றுக்கு அது சாட்சி என்றே சொன்னார். அளக்க முடியாததற்கு, அளக்க முடிந்ததைச் சாட்சியாக நிறுத்தும் இந்த உத்தி இன்றுவரை தொடர்கிறது. அதன் வசதியும் தொடர்கிறது, வில்லங்கமும் தொடர்கிறது.

வேதிமாசு என்ற கோணம் வலுப்பெற்றது 1970களில்தான். 1975இல் டென்மார்க்கில் ஆண்டர்சன், லுண்ட்க்விஸ்ட், மோல்ஹாவே மூவரும் 23 வீடுகளில் ஃபார்மால்டிஹைடை அளந்தார்கள். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு பலகைகளைக் கட்டுமானத்தில் பயன்படுத்திய வீடுகள் அவை. சராசரி அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.62 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் வகுத்த எல்லை 0.1 மில்லிகிராம் என்பதை நினைவில் வைத்தால் இதன் கனம் புரியும். அதே காலத்தில், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, குளிர்நாடுகள் எரிபொருளை மிச்சப்படுத்த வீடுகளின் இடுக்குகளையெல்லாம் அடைத்தன. சுவருக்குள் யூரியா-ஃபார்மால்டிஹைடு நுரையை நிரப்பின. வெப்பம் வெளியேறுவது நின்றது. உள்ளே கசிந்த ஆவியும் வெளியேறவில்லை. கனடா அந்த நுரையை 1980 டிசம்பரில் தடைசெய்தது.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த லான்ஸ் வாலஸ். 1980களின் தொடக்கத்தில், வேதித் தொழிற்சாலைகள் சூழ்ந்த நியூ ஜெர்சியின் பேயோன், எலிசபெத் நகரங்களில், மக்கள் உடம்பில் அணிந்தபடியே நடமாடும் காற்றுமாதிரிக் கருவிகளைக் கொடுத்து சுமார் 20 ஆவிச்சேர்மங்களை அவர் குழு அளந்தது. தொழிற்சாலைப் புகைதான் ஊரைக் கெடுக்கிறது என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பெரும்பாலான சேர்மங்கள் வெளிக்காற்றைவிட வீட்டுக்குள்ளேதான் கூடுதலாக இருந்தன. பென்சீனுக்குப் பெரிய ஊற்று சிகரெட். டெட்ராகுளோரோஎத்திலீன் உலர்சலவை செய்து வந்த துணியிலிருந்து வந்தது. குளோரோஃபார்ம், குளோரின் கலந்த வெந்நீரில் குளிக்கும்போது வந்தது. ஆலையை நோக்கி நீட்டிய விரல் சொந்த அலமாரியின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வந்தது. 1981இல் கர்க் ஸ்மித், அகர்வால், தவே ஆகியோர் குஜராத்தின் நான்கு கிராமங்களில், விறகும் சாணவிறட்டியும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்த பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார்கள். சமையல் நேரத்தில் தூசியின் அளவு கன மீட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் இருந்தது. நகரத்துச் சாலைகளில் காற்றை அளந்துகொண்டிருந்த உலகத்துக்கு, மிக மோசமான காற்று அடுக்களையில் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு அது.

மூன்று வகை ஊற்றுகள்

வீட்டுக்குள் வேதிமாசு வரும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்: எரிப்பவை, கசிபவை, தெளிப்பவை.

எரிப்பவற்றில் அடுப்பு முதலாவது. விறகடுப்பைவிட சமையல் எரிவாயு பல மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் குற்றமற்றதல்ல. அதன் சுடர் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் 87 வீடுகளில் எடுத்து 2023இல் வெளியிட்ட அளவீடுகள், இயற்கை எரிவாயுவும் புரோப்பேனும் எரியும்போது பென்சீனும் உண்டாகிறது என்று காட்டின. நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும்தான். எண்ணெய் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கும் அக்ரோலீன் வருகிறது. தாளிப்பின்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத வீட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்றும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகள் வரை சமமாகலாம் என்றும் கணக்கிட்டது. அதையும் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் கட்டிலுக்கு அடியில் அல்லவா வைக்கிறோம்!

கசிபவை பலகை, பெயின்ட், வார்னிஷ், பசை, மெத்தை போன்றவை. இவற்றுக்குள்ளும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெயின்டிலும் தின்னரிலும் இருக்கும் கரைப்பான்கள் முதல் சில நாளில் குபுகுபுவென்று வெளியேறி, சில வாரங்களில் அடங்கிவிடும். மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையோ காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. சிதையச் சிதைய ஃபார்மால்டிஹைடு பிறந்துகொண்டே இருக்கிறது. எனவே அது வாரக்கணக்கில் தீராது, ஆண்டுக்கணக்கில் நீளும். மூக்குக்கு எட்டாத அளவிலேயே எல்லையைத் தொட்டுவிடவும் கூடும்.

தெளிப்பவை நாமே கையால் கொண்டுவருபவை: தரை துடைக்கும் திரவம், ரூம் ஃப்ரெஷ்னர், பூச்சிமருந்து, துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டை. அந்துருண்டையிலிருந்து வருவது நாஃப்தலீன் அல்லது பாரா-டைகுளோரோபென்சீன். பீரோவைத் திறந்தால் வரும் அந்தப் பழகிய வாசனைதான் மாசு.

அளக்கும் வழிகள்

துல்லியமான அளவீட்டின் அடிப்படை எளியது. காற்றை ஒரு மெல்லிய குழாய் வழியே இழுக்கிறார்கள். குழாய்க்குள் டெனாக்ஸ் என்ற பொடி. ஆவிச்சேர்மங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் குழாயைச் சூடாக்கினால் ஒட்டியவை விடுபடும். அவற்றைக் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இன்னது என்று அடையாளம் காண்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 16000 தர வரிசையின் ஆறாம் பகுதி சொல்வது இந்த முறையைத்தான்.

ஃபார்மால்டிஹைடு இந்த வலையில் சிக்காது. மிகச் சிறிய, மிக எளிதில் ஆவியாகும் மூலக்கூறு அது. அதற்கென்று டி.என்.பி.எச். பூசிய தனிப் பொதியுறை வேண்டும். அதில் ஃபார்மால்டிஹைடு வினைபுரிந்து நிலைத்துவிடும். பிறகு திரவ குரோமட்டோகிராஃபில் அளக்கலாம். இந்த இரண்டு முறைகளுக்கும் இடையிலான பிளவைப் புரிந்துகொள்ளாமல்தான் பல சான்றிதழ்கள் படிக்கப்படுகின்றன. ‘மொத்த ஆவிச்சேர்மம்’ என்று ஆய்வக அறிக்கை சொல்லும் எண், ஹெக்சேன் முதல் ஹெக்சாடெக்கேன் வரையிலான வீச்சுக்குள் அடங்கியவற்றின் கூட்டல். ஃபார்மால்டிஹைடு அதில் சேராது. மொத்தம் குறைவு என்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் ஃபார்மால்டிஹைடு நிறைந்த அறையில் தூங்கலாம்.

பம்பு இல்லாமலும் மாதிரி எடுக்கலாம். 1976இல் பாம்ஸ் குழுவினர் உருவாக்கிய சிறு குழாய், ஒரு முனை திறந்தும் மறுமுனையில் டிரைஎத்தனோலமைன் தடவிய வலையோடும் இருக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு தானாகவே பரவிச் சென்று அங்கே படியும். எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதை ஃபிக் விதி சொல்லிவிடுவதால், படிந்த அளவையும் தொங்கவிட்ட நேரத்தையும் கொண்டு காற்றிலுள்ள சராசரியைக் கணக்கிடலாம். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் கிடைப்பது ஒரு வாரத்தின் சராசரி. இரவு எட்டு மணிக்கு அடுக்களையில் எழுந்து அடங்கிய உச்சத்தை அது காட்டாது.

அந்த உச்சத்தைப் பிடிப்பதற்கு வேறு கருவி இருக்கிறது. புரோட்டானை ஏற்றி மூலக்கூறுகளை எடைபோடும் பி.டி.ஆர். வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், நூற்றுக்கணக்கான சேர்மங்களை நொடிக்கு நொடி பதிவுசெய்யும். வெங்காயம் வதங்குவதையும் யாரோ அறைக்குள் நுழைவதையும் அதன் வரைபடத்தில் பார்க்கலாம். விலையோ ஒரு வீட்டின் விலை.

மறுகோடியில் கையடக்க சென்சார்கள். உலோக ஆக்சைடு சென்சார் ஆக்சிஜனோடு வினைபுரியக்கூடிய எந்த ஆவிக்கும் தலையாட்டும். பெயர் சொல்லத் தெரியாது. ஒளியால் அயனியாக்கும் சென்சார் சற்று மேல். ஆனால் அதில் வழக்கமாக இருக்கும் 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு ஃபார்மால்டிஹைடை அயனியாக்கப் போதாது, அதற்கு 10.88 வேண்டும். ஃபார்மால்டிஹைடுக்கென்றே விற்கும் மின்வேதி சென்சார்களும் ஆல்கஹாலைக் கண்டால் ஏமாந்துவிடுகின்றன. இன்னொரு எச்சரிக்கை: மலிவு மீட்டர்கள் பலவற்றில் ‘கார்பன் டை ஆக்சைடு’ என்று காட்டும் எண் அளந்ததல்ல, ஆவி சென்சாரின் துடிப்பிலிருந்து ஊகித்தது. உண்மையாக அளப்பது அகச்சிவப்பு ஒளி சென்சார். வாங்குமுன் பெட்டியின்மேல் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

தொட்டிக் கணக்கு

அளவீடு நேற்றைச் சொல்லும். நாளையைச் சொல்ல ஒரு மாதிரி வேண்டும். அறைக் காற்றுக்கான எல்லா மாதிரிகளும் அடிப்படையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கணக்குதான். ஒரு குழாய் நீரை விடுகிறது, ஓர் ஓட்டை நீரை வெளியேற்றுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மட்டம் நிற்கும். குழாய் என்பது பொருள்களின் கசிவு. ஓட்டை என்பது காற்றோட்டம். ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்பதைக் காற்று மாற்ற வீதம் என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயர அறை; கொள்ளளவு சுமார் 40 கன மீட்டர். உள்ளும் புறமுமாக 15 சதுர மீட்டர் பலகைப் பரப்புள்ள ஓர் அலமாரி. பலகை சதுர மீட்டருக்கு மணிக்கு 50 மைக்ரோகிராம் ஃபார்மால்டிஹைடு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மணிக்கு 750 மைக்ரோகிராம். ஜன்னல்கள் திறந்து காற்று மணிக்கு 3 முறை மாறினால் அறையில் நிற்பது கன மீட்டருக்குச் சுமார் 6 மைக்ரோகிராம். ஜன்னலைச் சாத்தி வீதம் 0.5 ஆனால் சுமார் 37. ஏ.சி. போட்டு, கதவிடுக்கிலும் துணி வைத்து வீதம் 0.2 ஆகிவிட்டால் 94. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான 100ஐ நெருங்கிவிடும். அலமாரி மாறவில்லை, அறை மாறவில்லை. ஜன்னல் மட்டுமே மாறியது. அறையை அளந்து ஒற்றை எண்ணைக் கொடுக்கும் எந்த அறிக்கையும் ஜன்னல் எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் என்ன பயன்?

காற்று மாற்ற வீதத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இங்கேதான் பெட்டன்கோஃபரின் சாட்சி மறுபடி உதவிக்கு வருகிறது. பலர் இருந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு 1420 இருக்கிறது, வெளியே 420. எல்லோரும் எழுந்து போன பின், மூடிய அறையில் ஒரு மணி நேரத்தில் அது 1030 ஆகக் குறைந்தால், கூடுதலாக இருந்த 1000 சுமார் 610 ஆகியிருக்கிறது. காற்று மாற்ற வீதம் 0.5 என்று இதிலிருந்து கணக்கிடலாம். வேதிமாசை அளக்க முடியாதவரும் தன் அறையின் ஓட்டை எவ்வளவு பெரியது என்று அளந்துவிட முடியும்.

குழாயின் பக்கம் கணக்கு கடினம். கசிவு நிலையானதல்ல. 1994இல் ஜான் லிட்டில், ஆல்ஃபிரட் ஹாட்ஜ்சன், அசோக் காட்கில் மூவரும் புதுக் கம்பளங்களை வைத்து ஒரு மாதிரியை வகுத்தார்கள். பொருளுக்குள் தொடக்கத்தில் எவ்வளவு சேர்மம் இருந்தது, அது பொருளுக்குள் எவ்வளவு வேகத்தில் ஊர்ந்து மேல்பரப்புக்கு வருகிறது, மேல்பரப்பில் பொருளும் காற்றும் அதை எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற மூன்று எண்கள் தெரிந்தால் மாதக்கணக்கான கசிவை முன்கூட்டியே சொல்லலாம். இன்றைய கசிவு மாதிரிகளில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள். இன்னொரு சிக்கலும் உண்டு. அறையில் ஃபார்மால்டிஹைடு கூடக்கூட பலகை கசிவதைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டம் கூட்டினால் கூடுதலாகக் கசியும். அதனால் மேலே போட்ட கணக்கில் திறந்த அறைக்கான எண் நிஜத்தில் கொஞ்சம் கூடும், அடைத்த அறைக்கான எண் கொஞ்சம் குறையும். திசை மட்டும் மாறாது.

இப்போது பேச்செல்லாம் இயந்திரக் கற்றலைப் பற்றி. வெப்பம், ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு, நேரம் ஆகிய மலிவான அளவுகளைக் கொடுத்து விலையுயர்ந்த அளவுகளை ஊகிக்கச் சொல்வது அதன் வழி. பயிற்சி பெற்ற கட்டடத்துக்குள் அது நன்றாகவே ஊகிக்கலாம். வேறு கட்டடத்துக்கு, வேறு சமையலுக்கு, வேறு பருவத்துக்குப் போனால் தடுமாறும். குழாயும் ஓட்டையும் எங்கே என்று அதற்குத் தெரியாது. மட்டம் ஏறி இறங்கிய பழக்கம் மட்டுமே தெரியும்.

சுவர் வாங்கி வைப்பதும் திருப்பித் தருவதும்

தொட்டிக் கணக்கு சொல்லும் ஒரு முடிவு: காற்று மணிக்கு 3 முறை மாறினால் ஒரு மணி நேரத்தில் பழைய மாசில் 5 சதவீதம்தான் மிஞ்ச வேண்டும். நிஜ வீட்டில் அப்படி நடப்பதில்லை. 2018 ஜூனில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சோதனை வீட்டில் மரினா வான்ஸ், டெல்ஃபீன் ஃபார்மர் இருவரின் தலைமையில் பல பல்கலைக்கழகத்தினர் கூடி, சமைத்து, துடைத்து, விருந்து வைத்து, ஒவ்வொரு நொடியையும் அளந்தார்கள். ‘ஹோம்கெம்’ என்பது அந்த ஆய்வின் பெயர். ஜன்னல்களைத் திறந்ததும் பல சேர்மங்கள் சட்டென்று இறங்கின. சாத்திய கொஞ்ச நேரத்திலேயே பழைய மட்டத்துக்கு ஏறிவிட்டன. காற்றில் மிதந்ததைவிடப் பல மடங்கு சுவரிலும் தரையிலும் மெத்தையிலும் படிந்திருந்தது. காற்று காலியானதும் அவை திருப்பித் தந்தன. விருந்து முடிந்து மூன்று நாளானாலும் திரைச்சீலை மணப்பது இதனால்தான்.

2022இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டின் மேரிலாந்துச் சோதனை வீட்டில் காட்டுத்தீப் புகையைப் போன்ற புகையை விட்டு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். காற்று சுத்திகரிப்பான் ஓடும்வரை மாசு குறைந்தது; நிறுத்தியதும் ஏறியது. தூசி உறிஞ்சி, பரப்புகளைத் துடைத்துக் கழுவியபோது குறைந்தது நிலைத்தது. நம் வீடுகளில் தினசரி பெருக்கித் துடைப்பதற்கு வேதியியல் தந்த நற்சான்றிதழ் என்று இதைக் கொள்ளலாம்.

துடைக்கும் திரவம் எது என்பதிலும் விஷயம் இருக்கிறது. எலுமிச்சை, பைன் மணம் தரும் டெர்ப்பீன்கள் வெளியிலிருந்து வரும் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். சார்லஸ் வெஷ்லர் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த துறை இது. மனித உடலும் இதில் ஒரு பங்காளி. தோலின் எண்ணெய்ப் பசையிலுள்ள ஸ்குவாலீன் ஓசோனோடு வினைபுரிய, நம்மைச் சுற்றிலும் ஹைட்ராக்சில் என்ற வேகமான வினைப்பொருள் உருவாகிறது என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2022இல் காட்டினார்கள். எனவே தொட்டிக்குள் விழுந்த நீர் நீராகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இந்த வினைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகளை யார்க் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா கார்ஸ்லா போன்றோர் உருவாக்கிவருகிறார்கள்.

எவ்வளவு என்றால் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனம் 2010இல் அறைக் காற்றுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. ஃபார்மால்டிஹைடு 30 நிமிடச் சராசரியில் 100 மைக்ரோகிராம். நாஃப்தலீன் ஆண்டுச் சராசரியில் 10. பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றது. ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவுசெய்திருந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 2012இல் அந்நாட்டு வீடுகளின் அளவீடுகளையெல்லாம் தொகுத்து, இழக்கப்படும் ஆரோக்கிய ஆண்டுகளாக மாற்றிப் பார்த்தார்கள். சிகரெட் புகை, ரேடான் நீங்கலாக, சுமையில் மிகப் பெரும்பகுதி மூன்றே மூன்றிலிருந்து வந்தது: நுண்தூசி, அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு. எல்லாவற்றையும் அளக்க முடியாத நாட்டுக்கு எதை முதலில் அளப்பது என்று வழிகாட்டும் பட்டியல் இது.

எல்லையும் அளவீடும் சந்தித்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர் வீடுகள் கொடுத்தது. குடியேறியவர்களுக்குக் கண்ணெரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம். 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை நோய்த்தடுப்பு மையம் 519 டிரெய்லர்களில் அளந்தது. சராசரி நூறு கோடியில் 77 பங்கு, அதாவது கன மீட்டருக்குச் சுமார் 95 மைக்ரோகிராம். உச்சம் 590 பங்கு. அளந்தது குளிர்காலம், கோடையில் இது இன்னும் கூடும் என்றும் மையம் சொன்னது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2010இல் பலகைகளின் கசிவுக்கு எல்லை விதிக்கும் சட்டம் வந்தது. ஜப்பான் முன்பே விழித்துக்கொண்டு, 2003இல் கட்டடச் சட்டத்தைத் திருத்தி, கசியும் பலகைகளைக் கட்டுப்படுத்தியதோடு புது வீடுகளில் மணிக்கு 0.5 முறை காற்று மாறும்படி இயந்திரக் காற்றோட்டத்தையும் கட்டாயமாக்கியது. குழாயையும் ஓட்டையையும் சேர்த்துப் பிடித்த சட்டம் அது.

33 டிகிரி வீடு

இனி நம் வீட்டுக்கு வருவோம். புகைப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்கு நல்ல தரவு இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராமத்து அடுக்களைகளை அளந்துவருகிறார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவோடு இந்தியாவும் பங்கேற்ற ஹாபின் ஆய்வில் நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளின் கர்ப்பிணிகள் இருந்தார்கள். நான்கு நாடுகளிலும் சேர்த்து, விறகு முதலியவற்றில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்தூசியின் நடுமதிப்பு சுமார் 70 மைக்ரோகிராம். எரிவாயு கொடுக்கப்பட்டவர்களுக்கு சுமார் 24. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காற்றின் எண் குறைந்தால் உடம்பின் எண் உடனே மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை இந்த நேர்மையான முடிவு சொல்கிறது.

கசிவுப் பக்கத்தில்தான் நமக்குப் பெரிய குறை. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர அளவுகோல் 12 மாசுகளைச் சொல்கிறது, பென்சீனுக்கு 5 மைக்ரோகிராம் என்று எல்லையும் வைக்கிறது. ஆனால் அது வெளிக்காற்றுக்கு. பிளைவுட் கடையில் ‘இ-1’ என்று காட்டும் தரம் ஐரோப்பாவுடையது. 23 டிகிரி வெப்பம், 45 சதவீத ஈரப்பதம், மணிக்கு ஒருமுறை காற்று மாற்றம் உள்ள சோதனை அறையில் ஃபார்மால்டிஹைடு 124 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பதே அதன் பொருள்.

நம் வீட்டில் மே மாதம் எத்தனை டிகிரி? 1980இல் பெர்கே குழுவினர் பார்ட்டிகிள் போர்டை வைத்து வகுத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி வெப்பம் 7 டிகிரி கூடினால் ஃபார்மால்டிஹைடு சுமார் இரண்டு மடங்காகும். 23இலிருந்து 33 டிகிரிக்குப் போனால் சுமார் 3 மடங்கு. ஈரப்பதம் 50இலிருந்து 70 சதவீதமானால் இன்னும் ஒன்றே கால் மடங்குக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் 4 மடங்கை நெருங்குகிறது. பசையும் பலகையும் மாறினால் இந்த எண்ணும் மாறும். இது கணிப்பே தவிர அளவீடல்ல. ஆனாலும் குளிர்நாட்டுச் சோதனை அறையில் தேறிய பலகை, சென்னையிலோ மதுரையிலோ பூட்டிய வீட்டில் அதே மதிப்பெண் எடுக்காது என்று சொல்ல இது போதும். கோடை விடுமுறைக்குப் பத்து நாள் பூட்டிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் கண் கரிப்பது இந்தப் பெருக்கலின் விடைதான்.

ஏ.சி. இதில் இருபக்கமும் வெட்டும் கத்தி. அறையைக் குளிர்வித்துக் கசிவைக் குறைக்கிறது. அடைத்து வைத்துக் கசிந்ததைத் தங்கவும் வைக்கிறது. நாம் வாங்கும் ஸ்ப்ளிட் ஏ.சி. பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது; புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. ஜன்னலுக்கு மேலே சிறு வெண்டிலேட்டர் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் ஓட்டை எப்போதும் திறந்திருந்தது. அதைக் கண்ணாடி வைத்து அடைத்த அதே காலத்தில்தான் தேக்கு அலமாரியின் இடத்தில் பிளைவுட் அலமாரியும் வந்தது. ஓட்டை சிறுத்தபோது குழாய் பெருத்தது.

இனி செய்ய வேண்டியது

அரசும் தரநிர்ணய அமைப்பும் செய்ய வேண்டியது தெளிவு. நம் நாட்டில் விற்கும் பலகைக்கும் பெயின்டுக்கும் நம் வெப்பத்திலும் நம் ஈரப்பதத்திலும் கசிவுச் சோதனை வேண்டும். அதில் கிடைக்கும் அளவைப் பலகையிலும் டப்பாவிலும் அச்சிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் நம் வீடுகளின் காற்று மாற்ற வீதத்தைப் பருவம்தோறும் அளந்து வைத்தால், கணிப்புக்குத் தேவையான பாதிக் கணக்கு தயாராகிவிடும். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் வெளிநாட்டு மாதிரியை இறக்குமதி செய்வது, அடுத்தவர் செருப்பளவுக்கு நம் காலை வெட்டுவது போன்றது.

வீட்டுக்காரருக்கும் சில வார்த்தைகள். தொட்டிச்செடிகளை நம்ப வேண்டாம். ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் வந்த ஒரு மதிப்பாய்வு கணக்கிட்டது. தூசிவடிகட்டி மட்டும் உள்ள காற்று சுத்திகரிப்பான் ஆவிகளைப் பிடிக்காது; அதற்கு நிறைய கரித்தூள் வேண்டும். மீட்டர் வாங்குவதானால் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பில் அளப்பதை வாங்கி, உங்கள் அறையின் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். தச்சரிடம் பலகையின் கசிவுத் தரத்தைக் கேளுங்கள். அலமாரியின் உட்புறத்துக்கும் வெட்டிய விளிம்புகளுக்கும் மைக்காவோ பட்டையோ ஒட்டி மூடச் சொல்லுங்கள். மரவேலையும் பெயின்டும் முடிந்தபின் குடிபுக ஓரிரு மாதம் தள்ளிவைத்து, அதுவரை ஜன்னல்களைத் திறந்தே போடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பவரிடம் இதையும் ஒரு கணக்காகச் சொல்லிவிடுங்கள்.